கிரெடிட் கார்ட் வட்டி: ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டாதீர்கள்

ஸ்டேட்மென்டில் இருக்கும் ஆகக்குறைந்த தொகையைக் கட்டினால் அந்த மாதப் பிரச்சினை முடிந்தது என்று நினைப்பவர்கள் திருகோணமலையில் பலர் இருக்கிறார்கள். கடன் வேர்விடுவது அங்கேதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நிலுவை 100,000 ரூபாய், ஆண்டு வட்டி 28 வீதம். ஒரு மாத வட்டியே ஏறத்தாழ 2,300 ரூபாய். ஆகக்குறைந்த தொகை 5 வீதம் என்று 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அதில் வட்டி போகக் கடனில் குறைவது 2,700 மட்டும். அதே மாதம் கார்டில் 3,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருந்தால் கடன் கூடித்தான் இருக்கும்.

வட்டி வீதமும் நிலையாக நிற்பதில்லை. 2020இல் மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு விதித்தது. 2022 நெருக்கடியில் அந்த வரம்பு நீங்கி, வட்டி 36 வீதம் வரை ஏறியது. 2023 ஓகஸ்டில் 28 வீதத்துக்கு மேல் அறவிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதனால் கார்ட் எடுத்த நாளில் சொன்ன வீதத்தை நம்பாமல் ஸ்டேட்மென்டைப் பாருங்கள்.

வங்கிகள் சொல்லும் '50 நாள் வட்டியில்லை' என்பதையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். அது கூடிய பட்சம். ஸ்டேட்மென்ட் திகதிக்கு மறுநாள் வாங்கினால்தான் அவ்வளவு நாள் கிடைக்கும். அந்தத் திகதிக்கு முதல்நாள் வாங்கினால் மூன்று கிழமை அளவுதான். முழுத் தொகையையும் கட்டுபவருக்கே அந்தச் சலுகை. கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் பல வங்கிகள் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடும், புதிதாக வாங்குபவற்றுக்கும் சேர்த்து.

ஏ.ரி.எம்.மில் கார்டைப் போட்டுக் காசு எடுப்பது இதைவிட மோசம். கட்டணம் தனி, வட்டி அன்றைக்கே தொடங்கும். அவசரத்துக்குக் காசு வேண்டுமென்றால் வங்கியில் நகையை அடகு வைப்பது நல்லது என்பேன். 2023 உத்தரவில் அடகுக்கு உச்சவரம்பு 18 வீதம்தான்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாவை நம்பி வாழ்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சீசன் முடிந்து மாரி தொடங்கினால் வருமானம் படுத்துவிடும், கார்டின் கட்ட வேண்டிய திகதி படுக்காது. 'அடுத்த சீசனில் கட்டலாம்' என்று மாரியில் கார்டைத் தேய்த்தால், ஏழெட்டு மாத வட்டியோடுதான் சீசனைத் தொடங்குவீர்கள். சீசன் காசில் ஒரு பங்கை மாரிக்கென்று முதலே ஒதுக்கி, கார்டை அந்தக் காசின் அளவுக்குள் மட்டும் பாவியுங்கள்.

சில கடைகளில் கார்ட் என்றால் 3 வீதம் கூடக் கேட்பார்கள். அது வங்கியுடன் அவர்கள் செய்த ஒப்பந்தத்துக்கு மாறானது. பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு வங்கிக்கு முறையிடலாம்.

சரி, ஏற்கெனவே கடன் ஏறிவிட்டதா? முதலில் கார்டைப் பாவிப்பதை நிறுத்துங்கள். பிறகு வங்கிக்குப் போய், நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கட்டாமல் விட்டால் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அது பதிவாகும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது எந்த வங்கியும் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கும்.