கைதான முதல் நாளில் பலரும் செய்யும் தப்புகள்

எப்.ஐ.ஆர் போட்டாச்சு என்றதும் 'இனி ஜெயில்தான்' என்று இடிந்துபோய் உட்கார வேண்டாம். அது விசாரணையின் தொடக்கம், தண்டனை இல்லை. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால் போலீஸ் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்தே கூப்பிடலாம். அந்த நோட்டீஸை வாங்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் ஊருக்குப் போய்விடுகிறார்கள் பாருங்கள், அதுதான் கைதுக்கு வழி. ஒழுங்காகப் போய் ஆஜரானால், காரணத்தை எழுதி வைக்காமல் அந்தக் குற்றத்துக்காகக் கைது செய்ய முடியாது.

கைதே ஆகிவிட்டது என்று வையுங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்துவிட்டு, 'கோர்ட் லீவு, திங்கள்தான்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கூட்டிப்போய் நிறுத்துவார்கள்.

ரொம்பப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். 'அடித்தார்களா, ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'இல்லீங்கய்யா' என்று சொல்லிவிடுவார்கள், அது அப்படியே பதிவாகிவிடும், அப்புறம் ஜாமீன் மனுவில் காயத்தைப் பற்றி எழுதினால் 'அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்விதான் வரும். வலி இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட் வாசலில் 'நான் முடிச்சுத் தர்றேன்' என்று வருபவரிடம் பணம் கொடுப்பதெல்லாம் வீண்.

ஸ்டேஷனில் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கச் சட்டத்தில் இடமில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பதும் சரிதான், ஆனால் கத்தியை இந்த இடத்தில் போட்டேன் என்று சொல்லி அது அங்கே கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரிமாண்ட் ஆன தேதியை, அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்கச் சொன்ன தேதியை, குறித்து வையுங்கள். வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும், ஆனால் அது தானாக வராது. குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனு போட்டாக வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் அதற்குள் போலீஸ் தாக்கல் செய்துவிட்டால் அந்த வழி போச்சு.

ஜாமீனில் வந்தபின் வாய்தாவைத் தவறவிடாதீர்கள். பிடிவாரண்ட் உங்களுக்கு, நோட்டீஸ் ஜாமீன் போட்ட மாமாவுக்கு.