போன் அவங்க கையிலேயே இருக்கட்டும்

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் பெரியவர்களுக்குச் செல்போன் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவர்கள் போனை நீங்கள் கையில் வாங்காதீர்கள். "தம்பி, நீயே போட்டுக் குடுத்துருப்பா" என்று நீட்டுவார்கள், நமக்கும் பத்து நொடி வேலைதான், ஆனால் வாங்கிவிட்டால் அன்றைய பாடம் அத்தோடு சரி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

எப்போது, எங்கே என்பதை அவர்களிடமே கேளுங்கள். களையெடுப்பு, நூறு நாள் வேலை எல்லாம் முடிந்து, ராத்திரிச் சமையலுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஊர்ப் பொது இடமான மந்தையோ, மகளிர் குழு கூடுகிற வீட்டுத் திண்ணையோ போதும், சிக்னல் வருகிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி விளையாடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதுகள் பிடுங்கிச் செய்துவிடும்.

முதலில் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்ற வையுங்கள். அப்புறம் விரல். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், பூக்கட்டி ஈரமான விரல், இரண்டுக்குமே டச் சரியாக வேலை செய்யாது. முந்தானையில் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். பயத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், உடனே வேறு ஏதோ திறக்கும், "கெட்டுப்போச்சா?" என்று முகம் வாடிவிடும். "பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுட்டு எடுங்கத்தா" என்று சொல்லிப் பாருங்கள். நகர்த்துவதற்குக் கோலம் இழுக்கிற மாதிரி.

ஆனால் அதே அழுத்திப் பிடிக்கிற விரலுக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது, வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசி, முடிந்ததும் விட வேண்டியதுதான். படிக்கவே தெரியாதவர்களும் முதல் நாளே அனுப்பிவிடலாம். திருப்பூரில் வேலை பார்க்கிற மகனுக்கு "சாப்பிட்டியாய்யா" என்று ஓர் அம்மா அனுப்பி, அவன் குரல் திரும்பி வரும்போது அந்த முகத்தைப் பாருங்கள். அதனால் என் முதல் பாடம் எப்போதும் இதுதான்.

பணப் பாடத்தை அவசரப்படுத்தாதீர்கள். பேங்க் மெசேஜிலிருந்து ஆரம்பியுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் நேராகக் கணக்கில் ஏறுகிறது, ஆனால் மெசேஜ் பெரும்பாலும் ஆங்கிலத்தில். எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டாம், மண்ணிலே விரலால் வரைந்து காட்டுங்கள்: 'கிரெடிட்' என்ற சொல் பிறை நிலா மாதிரி ஓர் எழுத்தில் தொடங்கும், அது வந்த பணம். 'டெபிட்' என்பதை சின்ன எழுத்தில் எழுதினால் அந்தப் பிறைக்கு வலப்பக்கம் ஒரு குச்சி நிற்கும், அது போன பணம். இரண்டாவது தடவை வரைந்து காட்டும்போது அவர்களே சொல்லிவிடுவார்கள். பொய் மெசேஜும் இப்படியே வரும் என்பதால், கணக்கில் இருப்பு பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

யுபிஐ பின் விஷயத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை எல்லாரையும் திருப்பிச் சொல்ல வையுங்கள்: "நமக்குப் பணம் வர பின் போட வேண்டாம்." பணம் அனுப்பவும், இருப்பு பார்க்கவும்தான் பின் கேட்கும். "தப்பா உங்களுக்கு அனுப்பிட்டேன், பின் போட்டுத் திருப்பி விடுங்கம்மா" என்று யாராவது அழுதாலும் போனை வைத்துவிட வேண்டும். இதை நடித்தே காட்டுங்கள், நீங்கள் திருடனாகப் பேசுங்கள், அவர்கள் மறுக்கட்டும். முதலில் சிரிப்பார்கள், மூன்றாவது ஆள் சத்தம் போட்டே திட்டிவிடும். ஓடிபி கேட்டாலும் அதே பதில்தான். பின் நம்பரைப் போன் உறைக்குள் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், நிறையப் பேர் வைத்திருப்பார்கள்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். பேங்க் கணக்கில் சேர்த்த நம்பராக இருந்தால், நெட் இல்லாமலே *99# போட்டு இருப்பு பார்க்கலாம், பணமும் அனுப்பலாம்.

கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவர் போனிலும் 1930 என்ற நம்பரை அவர்கள் கையாலேயே சேமிக்க வையுங்கள், பணம் ஏமாந்தால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் கிரைம் உதவி எண் அது. பெயர் அவர்கள் இஷ்டம், மைக்கில் பேசியே போடலாம். ஓர் அக்கா "திருட்டுப்பய" என்று போட்டு வைத்திருக்கிறார், அவருக்கு அது மறக்கவே மறக்காது.