துணி போகும் வழி: முன்வாய் ரைஃபிள் குழலைச் சோதித்து மழமழப்பாக்குவது எப்படி?

குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ரைஃபிளில் ஈயக்குண்டு குழலின் சுவரைத் தொடுவதே இல்லை. எண்ணெய் தடவிய துணித்துண்டு ஒன்று குண்டைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. குழலுக்குள் முறுக்கிச் செல்லும் பள்ளங்களைப் பற்றிக் குண்டைச் சுழற்றுவது அந்தத் துணிதான். 0.50 அங்குலக் குழலுக்குப் பெரும்பாலோர் 0.490 அங்குலக் குண்டும் 0.015 அங்குலத் துணியும் எடுப்பார்கள். குழல் சொரசொரப்பாக இருந்தால் துணி கிழியும். பிறகு குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில், குழல் காலியா?

தீ மூட்டும் கேப் எதுவும் பொருத்தப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முகத்தைக் குழல் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், குண்டை இறக்கும் கோலை அடிவரை விடுங்கள். வாயருகே கோலில் பென்சிலால் கோடிடுங்கள். கோலை வெளியே எடுத்து, கோடு வாயோடு பொருந்தும்படி குழலின் மேல் வைத்துப் பாருங்கள். கோலின் முனை, மருந்துக்குத் தீ செல்லும் தீத்துளை அருகே வர வேண்டும். ஓர் அங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம். ஹாக்கன் வகைக் குழல்கள் சிலவற்றில் அடியிலுள்ள மருந்தறை குறுகலாக இருப்பதால் கோல் சற்று முன்னதாகவே நிற்பதுண்டு. சந்தேகம் வந்தால் கெட்டித்ததாகவே கருதி, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். தலைமுறைகளாகச் சுவரில் தொங்கிய துப்பாக்கி கெட்டித்தபடியே இருந்தது என்பது பழம்பொருள் வாங்குபவர்களுக்குப் புதுச் செய்தியல்ல.

கழுவி, பிறகு பாருங்கள்

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். பழைய எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆப்பு வைத்துப் பொருத்திய குழல் என்றால் கட்டையிலிருந்து எளிதாகக் கழற்றலாம். மெல்லிய ஊசிகளால் பிணைத்த பென்சில்வேனியா நீள் ரைஃபிளைக் கழற்றாதீர்கள்; மரம் பிளந்துவிடும்.

சிறு விளக்கைக் குழலுக்குள் இறக்கிப் பார்க்கலாம். கேபிள் கேமராவும் இப்போது மலிவுதான். ஆனால் அது புள்ளியளவு குழியைக் கிணறாகக் காட்டும். என் முதல் குழலைக் கேமராவில் பார்த்துவிட்டு அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அதே குழல் இன்றும் நன்றாகச் சுடுகிறது.

கண்ணைவிடக் கையை நம்புங்கள். எண்ணெய் தோய்த்த இறுக்கமான துணியைக் கோல்முனையில் வைத்து மெதுவாக அடிவரை தள்ளுங்கள். ஒரே சீரான இறுக்கம் தெரிந்தால் நல்லது. எங்கேனும் சிக்கினால் அந்த ஆழத்தைக் கோலில் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் திடீரென்று தளர்ந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். குண்டை மருந்தின் மேல் அழுந்த உட்காரவைக்காமல் சுட்டால் இப்படி ஆகும். அந்தக் குழலால் இனிச் சுடக் கூடாது. தேய்த்துச் சரிசெய்யவும் முடியாது.

தேய்த்தல்

பாத்திரம் துலக்கும் பச்சை ஸ்காட்ச் பிரைட் நார் போதும். அதை வெட்டிக் கோல்முனையில் சுற்றி, எண்ணெய் தடவி, முழு நீளத்துக்கும் ஒரே வேகத்தில் இழுத்துத் தள்ளுங்கள். சிக்கிய இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே வயிறு விழும். கோலின் கைப்பிடி தானாகச் சுழலக்கூடியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் நார் பள்ளத்தின் முறுக்கோடு போகும். குழல் வாயில் பித்தளைக் காப்பு ஒன்றை மாட்டுங்கள். கோல் வாயின் விளிம்பை ஒரு பக்கமாகத் தேய்த்துவிட்டால் நீங்கள் செய்த மற்ற வேலை எல்லாம் வீண். 20 முறை தேய்த்ததும் துடைத்து, மறுபடி துணி விட்டுப் பாருங்கள்.

குழிகளை ஒழித்தே தீருவேன் என்று இறங்காதீர்கள். அவ்வளவு இரும்பை அகற்றினால் துளை அகன்றுவிடும். தேய்ந்த குழல்களின் பள்ளங்களை அமெரிக்காவின் பழைய துப்பாக்கிக் கொல்லர்கள் மறுபடி ஆழமாக்கி, அகன்ற துளைக்கேற்பப் பெரிய குண்டு வார்த்துக்கொண்டார்கள். ஈயம் வார்த்து, அதில் தேய்ப்புப் பொடி தடவி உரசும் முறையும் உண்டு. அனுபவம் வரும்வரை அதைத் தொடாதீர்கள்.

சுட்ட துணியைப் படியுங்கள்

தேய்த்த துகள் துளியும் இல்லாமல் கழுவித் துடைத்த பிறகு, சுடுதளத்தில் ஐந்து குண்டுகள் சுடுங்கள். சுடுவது முழுவதும் நின்ற பின், முன்னே விழுந்து கிடக்கும் துணித்துண்டுகளைப் பொறுக்குங்கள். நடுவில் கரிய வட்டமும் முழுசான ஓரமும் இருந்தால் நல்ல துணி. குண்டின் இடுப்பைச் சுற்றி வரிவரியாக வெட்டு விழுந்திருந்தால் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளின் விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது. இன்னொரு 20 முறை தேய்க்கலாம். நடுவே எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் குழலைக் குறை சொல்வதற்கு முன் தடித்த துணியையும் கூடுதல் எண்ணெயையும் முயன்று பாருங்கள்.

ஐந்தும் முழுசாக வந்தால், குழலைக் கழுவி எண்ணெய் பூசிவிட்டு நாரைத் தூக்கி வைத்துவிடுங்கள்.