பின்னணிப் படம்: பாதை, உயரம், வெட்டுப்படும் விளிம்பு

வலைப்பக்கத்தின் ஓர் உறுப்புக்குப் பின்னணிப் படம் வைக்க, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரி போதும். பேக்கிரவுண்ட்-இமேஜ் என்ற பண்பை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, யூஆர்எல் என்பதை ஒட்டிய அடைப்புக்குறிக்குள் படக்கோப்பின் பாதையைத் தந்து, அரைப்புள்ளியுடன் முடிக்க வேண்டும். (இங்கே ஒலிப்பில் தந்துள்ள பண்புப் பெயர்களைக் கோப்பில் ஆங்கில எழுத்துகளில், இடைக்கோட்டுடன் எழுதுக.) 1996 டிசம்பரில் வெளியான முதல் சிஎஸ்எஸ் பரிந்துரையிலேயே இடம்பெற்ற பண்பு இது. ஆயினும் "படம் வரவில்லை" என்ற புலம்பல் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

அதற்குப் பெரும்பாலும் காரணம் பாதைதான். சிஎஸ்எஸ் விதிகள் அடங்கிய நடைதாள் தனிக் கோப்பாக இருந்தால், பாதை அந்தக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுமே ஒழிய, எச்டிஎம்எல் பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அன்று. நடைதாள் ஒரு கோப்புறையிலும் படம் அதன் பக்கத்துக் கோப்புறையிலும் இருந்தால், பாதையின் தொடக்கத்தில் இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் இட்டு ஒரு படி மேலே ஏறிய பிறகே படத்தின் கோப்புறைக்குள் இறங்க முடியும். விண்டோஸ் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த படம் லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் மறைந்தால், கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைச் சரிபார்க்கவும்.

பாதை சரியாக இருந்தும் ஒன்றும் தெரியாவிட்டால், உறுப்பின் உயரத்தைப் பார்க்க வேண்டும். பின்னணிப் படம் தன் உறுப்பை விரித்துக் கொடுக்காது. உள்ளே ஒரு சொல்லும் இல்லாத டிவ் உறுப்பின் (பக்கத்தைப் பிரிக்கும் பொதுப் பெட்டியின்) உயரம் சுழி என்பதால், படம் வந்திருந்தும் அதைக் காட்ட இடமில்லை. மின்-ஹைட் பண்பில் 320 பிக்சல் என்பதுபோல் ஒரு குறைந்தபட்ச உயரம் தருவது நல்லது. வெறும் ஹைட் பண்பில் உயரத்தை இறுக்கிக் கட்டினால், பின்னாளில் எழுத்து கூடும்போது அது பெட்டிக்கு வெளியே வழியும்.

அடுத்தது அளவு; வேலை அதிகம் பிடிப்பது இங்கேதான். எதுவும் சொல்லாவிட்டால் படம் தன் இயல்பான அளவில், ஓடு பதித்ததுபோல் திரும்பத் திரும்ப வரும். அதைத் தடுக்க பேக்கிரவுண்ட்-ரிபீட் பண்புக்கு நோ-ரிபீட் என்ற மதிப்பைத் தர வேண்டும். பேக்கிரவுண்ட்-சைஸ் பண்புக்கு கவர் என்று தந்தால் படம் பெட்டியை முழுதாக மூடும், மிஞ்சியது வெட்டுப்படும். கன்டெய்ன் என்று தந்தால் முழுப் படமும் உள்ளே அடங்கும், ஓரங்களில் இடம் மிஞ்சும். 1600க்கு 900 பிக்சல் கொண்ட ஒரு மலைப் படத்தை, 1200 பிக்சல் அகலமும் 320 பிக்சல் உயரமும் உள்ள பட்டையில் கவர் முறையில் வைத்தால், படம் 1200க்கு 675 ஆகச் சுருங்கி, உயரத்தில் 355 பிக்சல் காணாமல் போகும். நடுவில் நிறுத்தினால் மேலும் கீழும் சுமார் 178 பிக்சல் போய்விடும். மலையின் முகடு மேல்பகுதியில் இருந்தால் அதுதான் முதல் பலி. பேக்கிரவுண்ட்-பொசிஷன் பண்புக்கு சென்டர், டாப் என்ற இரு மதிப்புகளையும் தந்தால் முகடு தப்பும். அதே பட்டை 360 பிக்சல் அகலமுள்ள கைபேசியில் வரும்போது கதை மாறுகிறது: உயரம் முழுதும் நிற்க, பக்கவாட்டில் 200 பிக்சலுக்கு மேல் வெட்டுப்படும். ஆகவே முக்கியமானதை விளிம்பில் வைத்திருக்கும் படத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே என் பழக்கம்.

படத்தின்மேல் எழுத்து வருமானால், இரண்டுக்கும் நடுவே மங்கலான ஒரு கறுப்புத் திரை தேவை. பேக்கிரவுண்ட்-இமேஜ் பண்பு காற்புள்ளியால் பிரித்த பல அடுக்குகளை ஏற்கும். முதலில் எழுதுவதே மேலடுக்கு. எனவே முதலில் லீனியர்-கிரேடியன்ட் (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவும் நிறப்பூச்சு) ஒன்றை, இரு முனைகளிலும் 60 விழுக்காடு அடர்த்தியுள்ள கறுப்பாக எழுதி, அடுத்து படத்தை எழுதினால் வெள்ளை எழுத்து தெளிவாகத் தெரியும். படம் வந்து சேராத நேரத்திலும் எழுத்து படிக்கக்கூடியதாக இருக்க, பேக்கிரவுண்ட்-கலர் பண்பில் ஓர் அடர்நிறத்தையும் தந்துவிட வேண்டும்.

பின்னணிப் பண்புகள் பலவற்றை ஒரே வரியில் தரும் பேக்கிரவுண்ட் என்ற சுருக்கப் பண்பைக் கையாளும்போது கவனம் தேவை. அதில் நாம் குறிப்பிடாதவை எல்லாம் தொடக்க மதிப்புக்குத் திரும்பிவிடும். ஒரு முறை, சுட்டி படும்போது மட்டும் நிறம் மாறட்டும் என்று நீலத்தை இந்தச் சுருக்கப் பண்பில் எழுதிவிட்டு, சுட்டி பட்டதும் படம் ஏன் ஓடிப்போகிறது என்று ஒரு மாலை முழுதும் தேடினேன். நிறத்தை மட்டும் மாற்ற பேக்கிரவுண்ட்-கலர் பண்பையே எழுத வேண்டும்.

பின்னணிப் படத்துக்கு ஆல்ட் உரை (படத்தைச் சொல்லால் விளக்கும் மாற்று உரை) தர வழியில்லை. பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அந்தப் படத்தைக் கண்டுகொள்ளாது. அச்சிடும்போதும் உலாவிகள் பொதுவாகப் பின்னணியை விட்டுவிடுகின்றன. கடையின் முகவரியோ விலைப்பட்டியலோ அடங்கிய படமாக இருந்தால், அது நடைதாளில் இருக்க வேண்டியதன்று, எச்டிஎம்எல்லின் ஐஎம்ஜி உறுப்பில் ஆல்ட் உரையுடன் வர வேண்டியது.