ரயில் விபத்துச் செய்தியை எப்படிப் படிக்க வேண்டும்

நான் ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற லோகோ பைலட், அதாவது ரயில் டிரைவர். எங்காவது ரயில் தடம் புரண்டால் அன்று சாயங்காலமே தெருப் பிள்ளைகள் வந்து, "டிரைவர் தூங்கிட்டாராமே மாமா?" என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தூக்கம் என்று செய்தி வந்தால் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். அந்த ஆள் தொடர்ந்து எத்தனை ராத்திரி டூட்டி பார்த்தார்? எஞ்சினில் விழிப்புக் கருவி வேலை செய்ததா? ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும், மணி அடிக்கும், அதற்கும் பொத்தானை அமுக்கவில்லை என்றால் பிரேக் தானாக விழும். ஆனால் அரைத்தூக்கத்திலும் பழகிய கை அந்தப் பொத்தானை அமுக்கிவிடும். அதனால் கருவி இருந்தது என்பதோடு விசாரணையை முடிக்கக் கூடாது, டூட்டி நேரத்தையும் பார்க்க வேண்டும்.

வேகம் அதிகம் என்று வந்தால், அந்த வேகத்தைத் தடுக்க அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். 2013 ஜூலை 24 அன்று ஸ்பெயினில் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகருக்கு அருகே 80 கிலோமீட்டர் வேகம் மட்டுமே அனுமதித்த வளைவில் ஒரு ரயில் சுமார் 179-ல் நுழைந்தது. 80 பேர் இறந்தார்கள். டிரைவர் போனில் பேசினார் என்று உலகமே அவரைத் திட்டியது. போன் செய்தவர் அதே ரயிலின் டிக்கெட் பரிசோதகர், பேசியது வேலை விஷயம். 200-ல் ஓடிக்கொண்டிருந்த வண்டி 80-க்கு இறங்க வேண்டிய அந்த இடத்தில் வேகத்தைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு இல்லை. எல்லாம் ஒரு மனிதரின் நினைவில் இருந்தது. 200-ல் போகும்போது ஒரு நிமிடப் பேச்சில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். விபத்துக்குப் பிறகுதான் அந்த வளைவுக்கு முன்னால் வேகத்தைக் கண்காணிக்கும் கருவிகளை வைத்தார்கள். அந்த டிரைவரை முழுவதும் விடுவிக்க நான் சொல்லவில்லை. அவரை மட்டும் தண்டித்திருந்தால் அடுத்த ஆளும் அதே வளைவில் மாட்டியிருப்பார்.

அடுத்து, அவரை அவசரப்படுத்தியது எது என்று பாருங்கள். பலர் விட்டுவிடும் கேள்வி இது. 2005 ஏப்ரல் 25, ஜப்பானின் அமகசாகி. 23 வயது டிரைவர் முந்தைய நிலையத்தில் வண்டியைத் தள்ளி நிறுத்தியதால் சுமார் ஒன்றரை நிமிடம் தாமதம். 70 கிலோமீட்டர் வளைவில் 116-ல் போனார். அவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனத்தில் தாமதமான டிரைவரைத் தனியே உட்கார வைத்து அவமானப்படுத்தும் 'மறுபயிற்சி' இருந்தது. பிரேக் போட வேண்டிய நேரத்தில் தன் தவறைப் பற்றி கார்டும் கண்ட்ரோலும் ரேடியோவில் பேசியதில் அவர் கவனம் போயிருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. பயந்த மனிதன் கையில் வண்டி இருந்தால் பயமும் சேர்ந்துதான் ஓட்டும். 'ஏன் லேட்?' என்று மெமோ வாங்கியவர்களுக்கு இது புரியும்.

சில விபத்துகளில் டிரைவருக்கு எந்தப் பங்கும் இருக்காது. 2023 பாலசோர் விபத்தில் கோளாறு சிக்னல் வயரிங்கில். 1998-ல் ஜெர்மனியின் எஷெடேயில் சக்கரத்தின் இரும்பு வளையம் உடைந்து பெட்டியின் தரையைக் கிழித்து மேலே வந்தது. பார்த்த பயணி செயினை இழுக்காமல் ஊழியரைத் தேடிப் போனார். வந்த ஊழியர் விதிப்படி முதலில் தானே பார்க்க வேண்டும் என்றார். அதற்குள் ரயில் தடம் புரண்டு 101 பேர் இறந்தார்கள். ஆகவே தரைக்கு அடியில் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டால் அனுமதி கேட்டு நிற்காதீர்கள், இழுங்கள்.

முடிவை டிரைவர் தலையில் போடாத ஏற்பாடு நம் கடற்கரையிலேயே ஒன்று இருந்தது. 2022 வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிட்டது. கச்சான் காற்றில் மண்டபத்தில் நின்றபோது பயணிகள் சத்தம் போடுவார்கள். போகலாமா வேண்டாமா என்ற முடிவு என் தலையில் இல்லாதது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குப் போய்ப் புயலில் கடல் கொண்ட பாசஞ்சரின் டிரைவர் துணிந்து ஓட்டினார் என்று இங்கே இன்றும் சொல்கிறார்கள். அந்த வண்டியில் இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்படியானால் அவர் என்ன நினைத்தார் என்று யார் சொன்னது? இறந்த டிரைவர் பற்றிய கதைகளை இப்படிச் சோதித்துத்தான் படிக்க வேண்டும்.

கடைசியாக, விசாரணை யாருடையது என்று பாருங்கள். பெரிய விபத்துகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். விவரம் தெரிந்த பொதுமக்கள் நேரில் வரலாம், எழுதியும் அனுப்பலாம் என்று அறிவிப்பு வரும். நீங்கள் அந்த வண்டியில் இருந்திருந்தால் எழுதுங்கள். பெட்டி எண், இருக்கை, நேரம், முதலில் கேட்டது என்ன, குலுக்கல் எந்தப் பக்கம், விளக்கு எப்போது அணைந்தது. யார் குற்றவாளி என்று எழுத வேண்டாம்.