வெளிநாட்டில் ஜனநாயகம் வளர்க்க ஆலோசனை: நிபுணர் குழுக்கள் சறுக்கும் இடங்கள்

வெளிநாடுகளில் ஜனநாயகத்தை வளர்ப்பது எப்படி என்று யோசனை சொல்ல, 2006-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸுக்காக ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே பாலஸ்தீனத் தேர்தல் நடந்து, 132 இடங்களில் 74-ஐ, அமெரிக்கா பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்ட ஹமாஸ் பிடித்திருந்தது. தேர்தல் குறித்தபடி நடக்கட்டும் என்று நின்றது அமெரிக்கா. முடிவு வந்ததும் ஹமாஸ் அமைத்த அரசோடு பேச மறுத்தது. நமக்குப் பிடிக்காதவர் ஜெயித்தால் என்ன செய்வது என்பதைத் தேர்தலுக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காத குழு அலங்காரத்துக்குத்தான் உதவும்.

இதைவிடப் பெரிய தவறு, ஆபத்தைச் சுமக்கப்போகிறவர்களைக் கேட்காமல் திட்டம் போடுவது. அதே 2006-இல் ஈரானில் ஜனநாயகம் வளர்க்கவென்று ரைஸ் நாடாளுமன்றத்திடம் 7.5 கோடி டாலர் கேட்டார். நல்ல எண்ணம்தான், சரி. ஆனால் நோபல் பரிசு பெற்ற ஷிரின் எபாதி போன்ற ஈரானியர்களே இந்தப் பணம் வேண்டாம் என்றார்கள். யார் வாங்கினார்கள் என்று வெளியே தெரியாததால், வாங்காதவர் மேலும் சந்தேகம் விழுந்தது. 2007-இல் வாஷிங்டனில் பணிபுரிந்த ஈரானிய அமெரிக்க அறிஞர் ஹாலே எஸ்ஃபாந்தியாரி, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு தெஹ்ரானின் எவின் சிறையில் அடைக்கப்பட்டார். எகிப்திலும் 2013-இல், அனுமதியின்றி வெளிநாட்டு நிதியில் இயங்கியதாகத் தொண்டு நிறுவன ஊழியர்கள் 43 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வெளிநாட்டவர் பெரும்பாலும் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். உள்ளூர் ஊழியர்கள் எங்கே போவார்கள்? அந்தத் தண்டனைகள் ரத்தாக 2018 டிசம்பர் வரை ஆனது.

குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதில் அடுத்த சறுக்கல். அரசு ஆலோசனைக் குழுக்களில் பல கருத்துகளுக்கும் இடம் வேண்டும், கூட்டங்களை முன்கூட்டி அறிவித்துப் பொதுவில் நடத்த வேண்டும் என்பது அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டம். இதைக் குடியரசுக் கட்சிக்காரர் பாதி, ஜனநாயகக் கட்சிக்காரர் பாதி என்று சுருக்கிக்கொள்வது வசதியான வழி. கெய்ரோவையோ தெஹ்ரானையோ உள்ளிருந்து அறிந்தவர் ஒருவரும் இல்லையென்றால் அது என்ன சமநிலை? அப்புறம், இந்த வேலைக்கு அரசு நிதி வாங்கும் அமைப்புகளின் தலைவர்களையே உறுப்பினராக்கினால், 'இன்னும் நிதி ஒதுக்குங்கள்' என்பதுதான் முதல் பரிந்துரையாக வரும். அவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கலாம். வாக்களிக்கும் நாற்காலி வேண்டாம்.

அறிக்கை கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எழுந்துபோவதும் தவறு. அந்த 1972 சட்டப்படி பொதுவாகப் புதுப்பிக்காவிட்டால் 2 ஆண்டில் குழுவின் ஆயுள் முடிந்துவிடும். அதனால் எந்தப் பரிந்துரையை ஏற்றோம், எதை ஏன் தள்ளினோம் என்று அமைச்சகம் எழுத்தில் பதில் தர வேண்டும், அதற்குத் தேதியும் வேண்டும். இந்த நிபந்தனையைக் குழு அமைக்கும் ஆணையிலேயே எழுத வைக்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.