வயதைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி: வருஷம், மாதம், நாள் மூன்றும் பிசகாமல்

அக்கா மகன் ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பினான். வயதை வருஷம், மாதம், நாள் என்று மூன்று கட்டங்களில் கேட்டிருந்தார்கள். போனில் இருந்த இரண்டு செயலிகளில் ஒரே பிறந்த தேதியைக் கொடுத்தோம், ஒன்று 6 நாள் என்றது, இன்னொன்று 7 நாள் என்றது. ஒரு நாள்தானே என்று விட முடியாது, வயது வரம்பை ஒட்டி நிற்பவர்களுக்கு அந்த ஒரு நாளில்தான் வாய்ப்பே இருக்கிறது. அதனால் உட்கார்ந்து கையால் போட்டுப் பார்த்தோம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிறைய, அவர்களுக்கு உதவட்டும் என்று அதை அப்படியே எழுதுகிறேன்.

கணக்கில் இறங்கும் முன் எந்தத் தேதியில் வயதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். இன்றைய தேதி வேண்டாம், விண்ணப்பம் அனுப்பும் தேதியும் வேண்டாம். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குப் பெரும்பாலும் அறிவிப்பு வெளியான ஆண்டின் ஜூலை 1. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிச் சேர்க்கைக்கு நம் மாநிலத்தில் ஜூலை 31. வாக்காளர் பட்டியலுக்கு முன்பு ஜனவரி 1 மட்டும்தான் இருந்தது, 2022-லிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதிகள். அறிவிப்பைத் திறந்து இந்தத் தேதியைத் தேடி முதலில் தாளில் எழுதுங்கள். இதற்கு நான் முடிவுத் தேதி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

சரி, இப்போது கணக்கு. முடிவுத் தேதியை மேலே, பிறந்த தேதியைக் கீழே, நாள், மாதம், வருஷம் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்று வரும்படி எழுதுங்கள். மேலே உள்ள எண்கள் பெரிதாக இருந்தால் வேலை சுலபம். பிறந்தது 12-03-2001, முடிவுத் தேதி 31-07-2024 என்றால் 31-லிருந்து 12 போக 19 நாள், 7-லிருந்து 3 போக 4 மாதம், 2024-லிருந்து 2001 போக 23 வருஷம். முடிந்தது.

மேலே உள்ள நாள் சிறிதாக இருந்தால்தான் சிக்கல். பிறந்தது 25-08-1998, முடிவுத் தேதி 01-07-2024 என்று வைப்போம். 1-லிருந்து 25 போகாது, மாதத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கும் அந்த மாதத்துக்கு எத்தனை நாள்? சிலர் எப்போதும் 30 என்கிறார்கள், சிலர் முடிவுத் தேதி ஜூலையில் இருப்பதால் 31 என்கிறார்கள், இன்னும் சிலர் பிறந்த மாதம் ஆகஸ்ட் என்பதால் 31 என்கிறார்கள். வாங்க வேண்டியது முடிவுத் தேதிக்கு முந்தின மாதத்தின் நாட்களை. இங்கே அது ஜூன், 30 நாள். 1-உடன் 30 சேர்த்தால் 31, அதிலிருந்து 25 போக 6 நாள். மாதக் கட்டத்தில் 7 இருந்தது, ஒன்று கொடுத்ததால் 6. 6-லிருந்து 8 போகாது, வருஷத்திலிருந்து 12 மாதம் வாங்கினால் 18, அதில் 8 போக 10. வருஷம் 2024-க்குப் பதில் 2023, அதில் 1998 போக 25. விடை 25 வருஷம் 10 மாதம் 6 நாள்.

ஏன் ஜூன்? இதைப் புரிந்துகொண்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம். பிறந்த தேதியிலிருந்து முன்னோக்கி நடந்து பாருங்கள். 25-08-1998-லிருந்து 25-08-2023 வரை 25 முழு வருஷம். அங்கிருந்து 25-06-2024 வரை 10 முழு மாதம். இன்னொரு மாதம் தாண்டினால் 25-07-2024 வந்துவிடும், அது முடிவுத் தேதியைக் கடந்துவிட்டது. அதனால் ஜூன் 25-இல் நிற்கிறோம், அங்கிருந்து ஜூலை 1 வரை எண்ணினால் 6 நாள். மீதி நாட்கள் கடப்பது ஜூன் மாதத்தின் வாலை, அதனால்தான் ஜூனின் நீளம் கணக்கில் வருகிறது. கழித்தல் முறையில் சந்தேகம் வந்தால் இப்படி நடந்து சரிபாருங்கள், சுவரில் தொங்கும் காலண்டரே போதும். உண்மையில் இந்த நடை முறையைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், கழித்தலைவிட இதில் தவறு நேர வாய்ப்புக் குறைவு.

அப்போ அந்த இன்னொரு செயலி ஏன் 7 என்றது? பிறந்த நாள், முடிவு நாள் இரண்டையும் சேர்த்து எண்ணினாலும் 7 வரும், ஜூலையின் 31-ஐக் கடன் வாங்கினாலும் 7 வரும். எதைச் செய்தது என்று அது சொல்லாது. செயலிகளையும் வயது கணிக்கும் தளங்களையும் நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

இந்த ஒரு நாள் விவகாரம் சட்டத்திலும் உண்டு. 1875-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டம், பிறந்த நாளை ஒரு முழு நாளாகச் சேர்த்து, 18-ஆவது பிறந்தநாள் தொடங்கும்போதே மேஜர் ஆகிவிடுவதாகச் சொல்கிறது. வேலைக்கான வயது வரம்பு பற்றி 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ஜனவரி 2-இல் பிறந்தவர் ஜனவரி 1 முடியும்போதே அந்த வயதை நிறைவு செய்துவிட்டார் என்று தீர்ப்பானது. மாதத்தின் 1-ஆம் தேதி பிறந்த அரசு ஊழியர் முந்தின மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே உங்கள் பிறந்த நாள் முடிவுத் தேதியிலோ அதற்கு மறுநாளோ வந்தால், தானாக முடிவு கட்டாமல் அறிவிப்பில் இருக்கும் வாசகத்தை வரிவரியாகப் படியுங்கள். 'இந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்', 'இந்த வயதை நிறைவு செய்திருக்கக் கூடாது' என்று தெளிவாகவே போட்டிருப்பார்கள்.

நிறையப் பேருக்குச் சேர்த்துக் கணக்கிட வேண்டியவர்கள், பள்ளியிலோ சுய உதவிக் குழுவிலோ பட்டியல் தயாரிப்பவர்கள், விரிதாளைப் பயன்படுத்துங்கள். எனக்குப் பிடித்தது லிப்ரே ஆபீஸ் கால்க், காசு கொடுக்க வேண்டாம், இணையமும் வேண்டாம். எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதே வழிதான். தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 1998-08-25 என்று தட்டுங்கள். 05/08/1998 என்று போட்டால் அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினி அதை மே 8 என்று எடுத்துக்கொள்ளும், எச்சரிக்கையும் வராது. போட்ட தேதி கட்டத்தில் வலப்பக்கம் ஒதுங்கினால் அதைத் தேதியாக ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், இடப்பக்கம் ஒட்டினால் அது வெறும் எழுத்து.

பிறகு டேட்டிஃப் (DATEDIF) என்ற சார்பு, அதாவது ஃபங்ஷன். எக்செல்லில் இது பரிந்துரைப் பட்டியலில் வராது, முழுப் பெயரையும் நீங்களே தட்ட வேண்டும். பிறந்த தேதி, முடிவுத் தேதி, அதன்பின் மேற்கோள் குறிக்குள் 'ஒய்' (Y) என்று கொடுத்தால் முழு வருஷம், 'ஒய்எம்' (YM) என்று கொடுத்தால் மீதி மாதம். மீதி நாளுக்கு 'எம்டி' (MD) என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். சில தேதிகளுக்கு அது பிழையான எண்ணை, கழித்தல் குறியோடுகூடத் தரும், மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் இப்படி எச்சரித்திருக்கிறது. அதற்குப் பதில் டேட்டிஃப்பில் 'எம்' (M) கொடுத்து மொத்த மாதங்களை எடுங்கள், ஈடேட் (EDATE) என்ற சார்பால் பிறந்த தேதியோடு அத்தனை மாதங்களைக் கூட்டுங்கள், வரும் தேதியை முடிவுத் தேதியிலிருந்து கழியுங்கள். காலண்டரில் நடந்தோமே, அதேதான். விடை தேதி மாதிரி தெரிந்தால் கட்டத்தின் வடிவத்தை எண்ணாக மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்த ஒருவர் தன் தேதியைப் போட்டு மைனஸ் வருகிறது என்று கேட்டிருந்தார். பிறந்தது 30-11-2003, முடிவுத் தேதி 01-03-2025. பிப்ரவரியின் 28-ஐக் கடன் வாங்கினால் 29, அதில் 30 போகாது. நடந்து பார்த்தால் 21 வருஷம் 2 மாதம் முடிந்து ஜனவரி 30-இல் நிற்போம், அடுத்த மாதம் பிப்ரவரி 30 என்ற தேதியே கிடையாது. இந்த மாதிரி இடத்தில் பிப்ரவரியின் கடைசி நாளிலேயே மாதம் நிறைந்ததாக வைப்பது நல்லது, ஈடேட் சார்பும் அப்படித்தான் செய்கிறது. விடை 21 வருஷம் 3 மாதம் 1 நாள்.

இன்னொரு பின்சேர்க்கை: பாட்டாவின் (தாத்தாவின்) வயது வேண்டும், ஜாதகத்தில் கொல்லம் ஆண்டுதான், அதாவது மலையாள ஆண்டுதான் இருக்கிறது என்று கல்குளம், விளவங்கோடு பக்கத்திலிருந்து சிலர் கேட்டிருந்தார்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் பழைய ஜாதகம், பத்திரம் எல்லாவற்றிலும் இந்த ஆண்டுதான் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்குகிறது. ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை, அதாவது டிசம்பர் 31 வரை, கொல்லம் எண்ணோடு 824 கூட்டுங்கள், ஜனவரி 1 முதல் ஆடி முடிய 825 கூட்டுங்கள். திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் கொல்லம் 1112 ஐப்பசி 27, அது 1936 நவம்பர் 12. ஆகவே 1112 கார்த்திகை 10 என்றால் 1936 நவம்பர் கடைசி வாரம். தமிழ்ப் பஞ்சாங்கமும் மலையாளப் பஞ்சாங்கமும் மாதப் பிறப்பைக் கணக்கிடும் விதம் வேறு, அதனால் ஒரு நாள் முன்பின் போகலாம். ஆதாரிலோ பள்ளிச் சான்றிதழிலோ வேறு தேதி இருந்தால் அலுவலகக் காரியத்துக்கு ஜாதகம் செல்லாது, வீட்டுக்குத் தெரிந்துகொள்ளத்தான் இது. ஜாதகத்தில் கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருப்பார்கள். நீங்கள் கண்டுபிடித்த ஆங்கிலத் தேதிக்குக் கிழமை என்ன என்று போன் காலண்டரில் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள், பொருந்தாவிட்டால் ஒரு நாள் தள்ளிப் பாருங்கள், நட்சத்திரமும் சேர்ந்து பொருந்தினால் அந்தத் தேதியை வைத்துக் கணக்கைத் தொடங்கலாம்.